தீவை நாடிச் சென்றோரும் தீவிற் பிறந்தோரும்: ‘மடொல் தூவ’ நாவலும் நயினாதீவின் பாடசாலை மேடையும்

ஈழத்துத் தமிழ்ப் பாடசாலைகளில் நாடகம் நெடுங்காலமாக இடம்பெற்று வருகின்றதாயினும், அந்நாடகங்களுக்கான கதைகள் எங்கிருந்து பெறப்படுகின்றன என்பது பற்றிய ஆராய்ச்சி அருகியே காணப்படுகின்றது. பரிசளிப்பு விழாவுக்கோ தமிழ்மொழித் தினப் போட்டிக்கோ நாடகம் ஒன்று வேண்டப்படும்போது ஆசிரியர்கள் புராண இதிகாசக் கதைகளை நாடுவர். அன்றேல் வரலாற்றுக் கதையொன்றை எடுப்பர். இவை இரண்டும் இல்லாதவிடத்துச் சமுதாயச் சீர்கேடு ஒன்றைச் சாடும் சிறு நாடகத்தைத் தாமே எழுதிக்கொள்வர். சிறுவருக்கென எழுதப்பட்ட தரமான நாவலொன்றை எடுத்து, அதனை உயர்நிலைப் பாடசாலை மேடைக்கு ஏற்ற நாடகமாக்கும் முயற்சி மிகக் குறைவு. அக்குறைபாட்டுக்குப் பிரதிப் பஞ்சம் மட்டுமே காரணமன்று. நாவலை நாடகமாக்குதல் என்பது கதையைச் சுருக்குதல் என்ற எளிய கருத்து நிலவுவதும் ஒரு காரணமாகும்.

இப்பிரச்சினையை ஒரு குறிப்பிட்ட நூலையும் ஒரு குறிப்பிட்ட இடத்தையும் முன்னிறுத்தி நோக்குவது பயனுடையது. நூல், மார்ட்டின் விக்கிரமசிங்க (1890–1976) எழுதிய ‘மடொல் தூவ’. 1947ஆம் ஆண்டு வெளிவந்த இந்நாவல் சிங்களச் சிறுவர் இலக்கியத்தின் செவ்விய படைப்பாகக் கொள்ளப்படுவது, 1976இல் லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸின் நெறியாள்கையில் திரைப்படமாகவும் வந்தது, தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டுள்ளது. இடம், நயினாதீவு. ‘மடொல்’ என்பது கண்டல் மரத்தையும் ‘தூவ’ என்பது தீவையும் குறிக்கும். கண்டற்றீவு ஒன்றின் கதை, கடல் சூழ்ந்த ஒரு சிறு தீவின் மாணவரால் நடிக்கப்படுமாயின் அங்கு நிகழ்வது யாது என்பதே இக்கட்டுரையின் வினா.

நாவலின் இயல்பு

கதை தென்னிலங்கைக் கரையோரத்தில் 1890களில் நிகழ்கின்றது. இளமையிலேயே தாயை இழந்த உபாலி, தந்தையினதும் சிற்றன்னையினதும் பராமரிப்பில் வளர்கின்றான். அவ்வீட்டில் வேலைக்காரச் சிறுவனாக இருக்கும் ஜின்னா அவனது இணைபிரியாத் தோழன். ஊரிற் செய்யும் குறும்புகளாலும் அவற்றுக்குக் கிடைக்கும் தண்டனைகளாலும் நகரும் முற்பகுதி, இருவரும் வீட்டைவிட்டு ஓடுவதோடு திரும்புகின்றது. கமக்காரன் ஒருவனிடம் கூலிக்கு நின்று உழைக்கும் அவர்கள், பேய் உலாவுவதாக அயலவர் அஞ்சி ஒதுக்கிய ஆளரவமற்ற ஒரு தீவைத் தெரிந்தெடுத்து, காடு வெட்டி நிலம் திருத்திப் பயிர் செய்கின்றனர். தந்தை நோயுற்ற செய்தி அறிந்து உபாலி ஊருக்கு மீள்வதும், தந்தையின் மறைவின் பின் சிற்றன்னைக்கும் அவள் மகனுக்கும் துணைநிற்பதும், பின்னர் தீவுக்கே திரும்புவதும் கதையின் முடிவாக அமைகின்றன.

இங்கு மனங்கொள்ளத்தக்க செய்தி ஒன்றுண்டு. விக்கிரமசிங்கவின் பிறந்தகமான கொக்கலை, இரண்டாம் உலகப் போர்க்காலத்திற் பிரித்தானிய விமானப்படையின் தளமாக்கப்பட்டது. கிராமத்தவர் தம் வீடுகளைவிட்டு வெளியேற்றப்பட்டனர். போர் முடிந்து இரண்டாண்டுகளிலேயே இந்நாவல் வெளிவந்தது. நாவலிற் போர் பற்றிய பேச்சே இல்லை. எனினும், அழிந்துபோன ஒரு வாவிக்கரை வாழ்வை எழுத்தில் மீட்கும் வேட்கை அதன் ஒவ்வொரு வருணனையிலும் உள்ளோடி நிற்பதாகக் கொள்வது தவறாகாது. 1990–91 ஆண்டுகளிற் பெருந்தொகையானோர் இடம்பெயர்ந்த யாழ்ப்பாணத்துத் தீவகத்தில், இவ்வேட்கைக்கு விளக்கவுரை வேண்டியதில்லை.

நாடகமாக்கல் ஒரு விமர்சனம்

நாவலை நாடகமாக்குவோன் முதலில் அந்நாவலின் விமர்சகனாகின்றான். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்ற ஒவ்வொரு முடிவும் நூல் எதைப் பற்றியது என்பதற்கான விடையாகும். ஆங்கிலச் சிறுவர் அரங்கின் வரலாறு இதனைத் தெளிவாகக் காட்டும். கெனத் கிரஹாமின் 1908ஆம் ஆண்டு நாவலான ‘காற்றாடும் அலரிகள்’ என்பதை ஏ. ஏ. மில்ன் 1929இல் மேடைக்கு ஆக்கியபோது, தேரைப் பாத்திரத்தின் கோமாளித்தனத்தை நடுநாயகமாக வைத்தார். ஆற்றங்கரையின் அமைதியும் தெய்விக உணர்வும் நிறைந்த அத்தியாயத்தை விட்டுவிட்டார். நாடகம் வெற்றி பெற்றது. எனினும் மேடையில் நின்றது நாவலின் ஒரு பாதியே. பரியின் ‘பீற்றர் பான்’ இதற்கு மறுதலையான பாதையிற் சென்றது. 1904இல் நாடகமாகத் தோன்றி 1911இலேயே நாவலானமையால், அதன் ஒவ்வொரு காட்சியும் மேடைக்கென்றே கருக்கொண்டிருந்தது.

தமிழ் அரங்குக்கும் இவ்வனுபவம் புதிதன்று. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையிற் தொடங்கிய பால சபையும், அதனையொத்த பிற குழுக்களும் சிறுவரையே நடிகராகக் கொண்டிருந்தன. பின்னர் ஜே. ஆர். ரங்கராஜுவின் துப்பறியும் நாவல்களை எம். கந்தசாமி முதலியார் நாடகமாக்கினார். அவை பாலர் குழுக்களால் நடிக்கப்பட்டன. இவ்வரலாற்றில் ஒரு முரண் உண்டு. சிறுவர் மேடையேறினர், ஆனால் சிறுவராக மேடையேறவில்லை. அரசராகவும் காதலராகவும் துப்பறிவோராகவுமே அவர்கள் தோன்றினர். தமது வயதையும் தமது அச்சத்தையும் தமது விளையாட்டையும் மேடையில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு அவர்களுக்குக் கிட்டவில்லை. யாழ்ப்பாணத்தில் 1978இல் நாடக அரங்கக் கல்லூரி தோன்றிய காலத்தை ஒட்டி, குழந்தை ம. சண்முகலிங்கத்தின் ‘கூடி விளையாடு பாப்பா’ போன்ற ஆக்கங்களோடு வளர்ந்த சிறுவர் அரங்கே இம்முரணைத் தீர்க்கும் வழியைத் தெளிவாகக் காட்டிற்று. விளையாட்டும் பாட்டும் அசைவும் அங்கு அலங்காரமாக நில்லாது நாடகத்தின் மொழியாகவே நின்றன. ‘மடொல் தூவ’வைத் தமிழில் மேடையேற்ற முனைவோர் தொடங்க வேண்டிய இடமும் அதுவே.

இந்நாவலை இரு விதமாகப் பிழைபட வாசிக்கலாம். முதலாவது, அதனை வெறும் வீரசாகசக் கதையாகக் கொள்ளுதல். பழத்தோட்டத் திருட்டு, ஓட்டம், பேய்த்தீவு, அங்கு மறைந்து வாழும் மனிதன் என்பன கைதட்டலைப் பெறக்கூடிய காட்சிகளே. ஆயினும் இவற்றை மட்டும் கோப்பின், தீவுக்குச் சென்றபின் நிகழும் நீண்ட உழைப்பு ‘விறுவிறுப்பற்ற பகுதி’ எனக் கழிக்கப்பட்டுவிடும். இரண்டாவது, அதனை நீதிக்கதையாக்குதல். குறும்புக்காரச் சிறுவன் திருந்தி நல்லவனானான் என்ற படிப்பினையைப் பரிசளிப்பு விழாவின் பிரதம விருந்தினர் தமது உரையில் எடுத்தாள்வதற்கு இது வசதியாக இருக்கும். ஆனால் உபாலி திருந்துவதில்லை, அவன் வளர்கின்றான். அவனை வளர்த்தது அடியுமன்று, அறிவுரையுமன்று. தன் கையால் வெட்டிய நிலத்தில் முளைத்த பயிரே அவனை வளர்த்தது. இவ்வேறுபாட்டை மேடையில் உணர்த்தாத நாடகம், நாவலின் பெயரை மட்டுமே தாங்கியதாகும்.

உபாலியும் ஜின்னாவும்

நாவலின் உண்மையான நாடக மையம் இவ்விருவரின் உறவிலே தங்கியுள்ளது. வீட்டுப் பிள்ளையும் வேலைக்காரச் சிறுவனும் ஒன்றாக ஓடுகின்றனர். வீட்டில் அவர்களிடையே இருந்த தூரம், மண்வெட்டியும் கத்தியும் சமமாகப் பங்கிடப்பட்ட தீவில் என்னவாகின்றது என்ற வினா கதை முழுவதும் தொடர்கின்றது.

இவ்விடத்திற் டானியல் டிஃபோவின் ‘றொபின்சன் குறூசோ’ (1719) நினைவுக்கு வருதல் தவிர்க்கவியலாதது. குறூசோ தன் தீவில் எதிர்ப்பட்ட மனிதனுக்குத் தானே பெயர் சூட்டி, தன்னை ‘எசமான்’ என அழைக்கக் கற்பிக்கின்றான். ஆளற்ற தீவிலும் ஆண்டான்–அடிமை உறவு புதிதாகத் தோற்றுவிக்கப்படுகின்றது. விக்கிரமசிங்கவின் தீவில் நிகழ்வது இதற்கு எதிரானது. ஊரிலிருந்து கொண்டுவரப்பட்ட உறவு, உழைப்பின் வெயிலில் மெல்ல மெல்லக் கரைகின்றது. ஏழாண்டுகள் கழித்து, 1954இல் வெளிவந்த கோல்டிங்கின் ‘ஈக்களின் தலைவன்’ நாவலில் தீவிற் சிக்கிய சிறுவர் ஒருவரையொருவர் வேட்டையாடும் நிலைக்குத் தாழ்கின்றனர். அங்கே சிறுவர் மீட்புக் கப்பலை எதிர்பார்த்துக் காத்திருப்போர்; இங்கே சிறுவர் எவரையும் எதிர்பாராது பயிரிடுவோர். தீவு மனிதனைக் கெடுப்பதுமில்லை, திருத்துவதுமில்லை. அங்கு அவன் செய்யும் தொழிலே அவனை ஆக்குகின்றது என்ற கருத்து இம்மூன்று நூல்களையும் ஒப்பிடும்போது புலனாகும்.

இவ்வுறவு மாற்றத்தை மேடையிற் காட்டுவதற்குத் தமிழ்மொழி அரியதொரு வாய்ப்பை வழங்குகின்றது. தமிழில் எவரும் எவரையும் அழைக்காமற் பேசுதல் கடினம். அழைத்தவுடனே தரம் வெளிப்பட்டுவிடும். முதற்காட்சியில் ஜின்னா வீட்டுப் பிள்ளையை ‘தம்பி’ என்றும் ‘நீங்கள்’ என்றும் அழைக்க, உபாலி அவனை ‘டேய்’ என்றும் ‘நீ’ என்றும் விளிக்கட்டும். தீவிற் காடு வெட்டும் காட்சியிலே, வேலை மும்முரத்தில், ஜின்னாவின் வாயிலிருந்து ‘நீ’ என்ற சொல் தவறி விழட்டும். அவன் திடுக்கிட்டு நிற்க, உபாலி அதனைக் கவனியாதவன்போல் அடுத்த மரத்தை வெட்டச் செல்லட்டும். இதற்கு உரையாடல் விளக்கம் வேண்டா. யாழ்ப்பாணத்துப் பார்வையாளர் எவரும் அவ்வொரு சொல்லின் கனத்தை உணராதிரார்.

ஊரையும் பெயரையும் மாற்றலாமா?

தழுவலில் ஈடுபடுவோர்க்கு இயல்பாகத் தோன்றும் எண்ணம், கதையை உள்ளூர்மயப்படுத்துதல். கொக்கலை வாவி யாழ்ப்பாணக் கடனீரேரியாகவும், உபாலி ஏதேனும் ஒரு தமிழ்ப் பெயரினனாகவும் மாறுதல் எளிது. ‘எமது மாணவருக்கு நெருக்கமாக இருக்கும்’ என்பது இதற்குக் கூறப்படும் நியாயம். தழுவல் என்ற கலையே இவ்வாறான மாற்றங்களால் வளர்ந்தது என்பதும் மறுக்கற்பாலதன்று. ஆயினும் இந்நாவலைப் பொறுத்தவரை அந்நியாயம் இரு காரணங்களால் ஏற்புடைத்தன்று.

முதலாவது காரணம், ஜின்னா தொடர்பானது. அவனை யாழ்ப்பாணத்து வீடொன்றில் வைக்கும்போது அவன் யார் என்ற வினா உடனே எழும். யாழ்ப்பாணத்து வீடுகளில் வேலைக்கு நின்ற சிறுவர் பலர் மலையகத்துத் தோட்டங்களிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் என்பதும், சாதியால் ஒடுக்கப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் வேறு வகைகளில் அடிமை குடிமை முறைக்கு ஆட்பட்டிருந்தனர் என்பதும் வரலாறு. உள்ளூர்மயப்படுத்துவோர் இவ்வரலாற்றை நேர்மையாக எதிர்கொள்வாராயின் அதைவிடச் சிறந்தது வேறில்லை. ஆனால், பெரும்பாலும் நிகழ்வது யாதெனில் ஜின்னா ‘அயல்வீட்டுத் தோழன்’ ஆக்கப்படுவதே. அக்கணமே நாவலின் உயிர்நாடி அறுந்துவிடும். பெயர்களைச் சிங்களப் பெயர்களாகவே விடும்போது, அயலூர்க் கதையெனத் தளர்ந்து நோக்கும் பார்வையாளன் தன் வீட்டு அடுக்களையைத் தானே காண நேரிடும். ஜின்னா என்ற பெயர் தமிழ்ப் பார்வையாளருக்கு வேறு நினைவுகளை எழுப்பக்கூடுமாயினும் அதனையும் மாற்ற வேண்டியதில்லை. இரண்டாம் காட்சிக்குள் அப்பெயர் அச்சிறுவனுக்கே உரியதாகிவிடும்.

இரண்டாவது காரணம் நயினாதீவுக்கே சிறப்பாக உரியது. குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து புறப்படும் வள்ளங்களில், நாகபூசணி அம்மன் கோயிலுக்குச் செல்லும் தமிழ் அடியாரும் நாகவிகாரைக்குச் செல்லும் சிங்கள யாத்திரிகரும் அருகருகே அமர்ந்து செல்வர். 2009இல் போர் முடிந்தபின் தென்னிலங்கையிலிருந்து வருவோர் தொகை பெரிதும் அதிகரித்தது. ஆகவே, இத்தீவின் மாணவன் சிங்களவரைக் காணாதவனல்லன். ஆனால் அவன் காண்பது வெள்ளையுடுத்து வந்து சில மணி நேரத்தில் மீளும் யாத்திரிகரை. நீண்ட காலமாகக் கண்டது கடற்படையினரை. தன்னைப்போற் பாடசாலையில் அடிவாங்கி, மாங்காய் திருடி, சிற்றன்னைக்கு அஞ்சி வளர்ந்த ஒரு சிங்களச் சிறுவனை அவன் காணும் வாய்ப்பு அரிது. அவனுடைய பாட்டன் தலைமுறையின் நிலை வேறு. தீவகத்து வணிகர் தென்னிலங்கை நகரங்களிற் கடை வைத்து, அம்மொழி பேசி, அம்மக்களோடு பழகியவர்கள். 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்கள் அக்கடைகளோடு அப்பழக்கத்தையும் எரித்தன. உபாலியின் பெயரை மாற்றுதல், அறுந்துபோன அவ்விழையை மீண்டும் பற்றுவதற்குக் கிடைத்த ஒரு சிறு வாய்ப்பையும் கைநழுவ விடுதலாகும்.

இதனை இன ஒற்றுமைப் பிரசாரம் எனக் கருதிவிடலாகாது. ஒற்றுமையை வற்புறுத்தும் பாடசாலை நாடகங்கள் பெரும்பாலும் இறுதிக்காட்சியிற் கைகோத்து நின்று பாடுவதோடு முடிந்துவிடுகின்றன. நடந்தவற்றை மறக்குமாறு அவை கேட்கின்றன. ‘மடொல் தூவ’ எதனையும் மறக்குமாறு கேட்பதில்லை; இன உறவு பற்றிப் பேசுவதுமில்லை. ஒரு சிறுவனின் உள்ளத்தை இன்னொரு சிறுவன் சிறிது நேரம் அணிந்து பார்க்கும் வாய்ப்பையே அது தருகின்றது. நடிப்புக்கலை தரக்கூடியதும் அதுவே. பன்னிரண்டாம் நூற்றாண்டிற் பொலனறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு, ஊராத்துறைக்கு வரும் பிறநாட்டு வணிகரின் பாதுகாப்புப் பற்றியும் உடைந்த மரக்கலங்களின் பொருளைப் பங்கிடுதல் பற்றியும் பிறப்பித்த ஆணை, தமிழ்ச் சாசனமாக நயினாதீவிற் கிடைத்துள்ளது. அரசனின் மொழி எதுவாயினும், கேட்போர் மொழியிற் சொல்லப்பட்டாலன்றி ஆணை பயன்படாது என்பதை அவன் அறிந்திருந்தான். தென்கரையின் கதையைத் தமிழிற் கேட்பதற்கு இத்தீவில் முன்மாதிரி இல்லை எனக் கூறுவதற்கில்லை.

மணிபல்லவத்தின் பசியும் மடொல் தீவின் பயிரும்

நயினாதீவே மணிமேகலைக் காப்பியம் கூறும் மணிபல்லவம் என்ற கருத்து அறிஞரிடையே விவாதத்துக்குரியதாயினும், தீவு மக்களின் நினைவில் அது உறுதிபெற்ற ஒன்றாகும். அங்குள்ள பாடசாலை மேடையில் மணிமேகலை அமுதசுரபி பெறும் கதை நாடகமாவது எவர்க்கும் இயல்பாகவே தோன்றும். அக்காப்பியத்தில், தீவு பற்றிய இன்னொரு கதையும் உண்டு. சாவக நாட்டின் பஞ்சம் தீர்க்கக் கப்பலேறிய ஆபுத்திரன், புயலால் மணிபல்லவத்திற் தங்கிய கப்பலிலிருந்து இறங்கி நிற்க, அவன் ஏறிவிட்டான் என எண்ணிக் கப்பல் போய்விடுகின்றது. கையில் வற்றாத அட்சய பாத்திரம். ஆனால் உண்பதற்கு ஒருவருமில்லை. பிறர்க்கு இடாது தான் மட்டும் உண்ண விரும்பாத அவன், பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் இட்டு, உண்ணா நோன்பிருந்து உயிர் துறக்கின்றான்.

தமிழிலக்கியத்தின் இத்தனித்தீவுக் கதையை ‘மடொல் தூவ’வோடு அருகருகே வைத்து நோக்குதல் பயன் தரும். இரண்டுமே ஆளற்ற தீவில் உணவு எதற்கு என்ற வினாவை எழுப்புகின்றன. ஆபுத்திரனிடம் தெய்வம் தந்த பாத்திரம் இருந்தது; துணைவர் இல்லை. உபாலியிடமும் ஜின்னாவிடமும் பாத்திரம் இல்லை, ஒருவர்க்கொருவர் இருந்தனர். தனியொருவன் உண்பதில் பொருளில்லை என்பதே இரு கதைகளின் அடிநாதம். நயினாதீவின் மாணவர் ஆபுத்திரனின் கதையைச் சிறுபராயம் முதலே கேட்டு வளர்ந்திருப்பாராயின், ‘மடொல் தூவ’வின் மையக் கருத்து அவர்களுக்கு அந்நியமாகத் தோன்றாது. நாடகத்தின் உள்ளே இவ்வொப்பீட்டைத் திணிக்க வேண்டியதில்லை. ஒத்திகைக் காலத்தில் ஆசிரியர் இரு கதைகளையும் மாணவரோடு பேசுவாராயின் அதுவே போதுமானது.

மேடைப் பிரச்சினைகள்

பாடசாலை மேடையின் வரையறைகள் யாவரும் அறிந்தவை: குறைந்த ஒளி, குறைந்த செலவு, வரையறுத்த நேரம், பங்குபற்ற விரும்பும் மாணவரோ பலர். நாவலோ இரு சிறுவரையே சுற்றி வருகின்றது. வாவியையும் தீவையும் காட்டத் திரைச்சீலையில் ஓவியம் தீட்டுவதும், மாணவரை மரங்களாக நிறுத்துவதும் வழக்கமான தீர்வுகள். கடல் சூழ வாழ்வோர்க்கு நீலச்சேலை அசைத்துக் கடல் காட்டுதல் நகைப்புக்கிடமாகும்.

இதற்குரிய தீர்வு, குழுவின் உழைப்பையே தீவாக்குதல். தொடக்கத்தில் மேடை நிறைய மாணவர் நெருக்கமாகக் குந்தியிருக்கட்டும். அதுவே புகமுடியாத கண்டற்காடு. உபாலியும் ஜின்னாவும் வெட்ட வெட்ட அவர்கள் ஒவ்வொருவராக எழுந்து விலகி, வெட்டுவோருடன் சேர்ந்து வேலை செய்வோராக மாறட்டும். இறுதியில் நடுவே ஒரு வெற்றிடம் பிறக்கும்; அதுவே அவர்கள் திருத்திய நிலம். வள்ளத்துக்கு ஒரு கயிறும் ஒரு கோலும் போதும். கயிறு இழுக்கும் அசைவைத் தீவு மாணவருக்கு எந்த நெறியாளரும் கற்பிக்க வேண்டியதில்லை. கடற்றொழிலாளரின் அம்பாப் பாடல்களின் தாளத்தை இவ்வுழைப்புக் காட்சிகளுக்குப் பயன்படுத்துவதும் பொருத்தமானது. பேராசிரியர் வித்தியானந்தன் 1960களில் ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ போன்ற கூத்துக்களைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு மேடையேற்றியபோது நிறுவிய உண்மை, ஆட்டமும் பாட்டும் கதையின் சுமையைத் தாங்க வல்லன என்பதே. அதே காலத்தை ஒட்டிச் சிங்கள அரங்கிற் சரச்சந்திரவின் ‘மனமே’ (1956) நாடகமும் அவ்வுண்மையையே நிறுவிற்று.

அடுத்த பிரச்சினை கதைசொல்லியைப் பற்றியது. நாவல் உபாலியின் தன்மைக் கூற்றாக அமைந்தது. ‘நான்’ என்று தொடங்கும் அக்குரலை இழப்பின் நூலின் மென்மையான நகைச்சுவையும் அறுபட்டுவிடும். ஒரே மாணவன் ஓரத்தில் நின்று முழுக்கதையையும் ஒப்புவித்தலும் அலுப்பூட்டும். ஈழத்துச் சிறுவர் அரங்கிற் பழகிய எடுத்துரைஞர் முறையை இங்கு விரித்துக் கையாளலாம். கதைசொல்லியின் பகுதியைக் குழுவினர் தமக்குள் பகிர்ந்துகொள்ளலாம். தமிழில் ‘நாங்கள்’ என்பது கேட்போரை விலக்கியும் ‘நாம்’ என்பது கேட்போரை உளப்படுத்தியும் நிற்கும் வேறுபாடு உண்டு. பேச்சுவழக்கில் அது மங்கியிருப்பினும் மேடைத்தமிழில் இன்னும் உயிரோடு உள்ளது. குறும்புப் பருவத்தில் எடுத்துரைஞர் ‘நான்’ என்று பேசட்டும். தீவிற் குடியேறியபின் ‘நாங்கள்’ என்று பேசட்டும். உபாலி சிற்றன்னையின் துயரத்தைத் தன்னுடையதாக உணரும் கட்டத்திலேயே முதன்முறையாக ‘நாம்’ என்ற சொல் ஒலிக்கட்டும். சிங்கள மூலத்தை விஞ்சுதல் இதன் நோக்கமன்று. மூலம் தன் மொழியிற் செய்ததைத் தமிழ் தன் மொழியிற் செய்வதே தழுவலின் இலக்கணம்.

மூன்றாவது பிரச்சினையை மறைத்தல் நேர்மையாகாது. இது பெரும்பாலும் ஆண்களின் கதை. மாணவியரும் பயிலும் பாடசாலையில் அவர்களுக்கு இந்நாவல் என்ன தருகின்றது? கண்டல் மரமாக நிற்பதும் பின்னணி பாடுவதும் மட்டுமே அவர்களுக்கு விதிக்கப்படுமாயின் அத்தழுவல் தோல்வியே. இதற்குச் சிற்றன்னையின் பாத்திரத்திலே விடை காணலாம். முற்பகுதியில் உபாலியின் கண்ணினூடே கடுமையானவளாகத் தோன்றும் அப்பெண், கணவனை இழந்து சிறுவனொருவனுடன் நிற்கும்போது நாடகத்தின் நோக்குநிலையே மாற வேண்டும். வெளியே ஓடிய பிள்ளைக்கு ஒரு தீவு கிடைத்தது. வீட்டிலேயே இருந்தவளுக்கு என்ன கிடைத்தது என்ற வினாவை எழுப்பும் ஒரு காட்சி நாவலில் வெளிப்படையாக இல்லை. ஆயினும் நாவலின் தர்க்கத்துக்கு அது முரணானதன்று. பொருளீட்டச் சென்ற ஆடவரை எதிர்பார்த்துப் பெண்கள் தனித்து வீடு காத்த வரலாறு தீவகத்துக்கு உண்டு. அக்காட்சியை மாணவியரே பேசி உருவாக்குவாராயின் அதுவே நாடகத்தின் மிகச் சிறந்த பகுதியாகலாம்.

திரும்புதல்

எஞ்சி நிற்பது முடிவு. உபாலி ஊருக்குச் சென்று கடமை முடித்துத் தீவுக்கு மீள்கின்றான். தென்னிலங்கை வாசகனுக்குத் தீவு என்பது ஊருக்கு வெளியேயுள்ள ஒரு கனவு. அங்கு செல்லுதல் சாகசம். நயினாதீவு மாணவனுக்கோ தீவு என்பது பிறந்த வீடு. கடல் கடந்து யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் அப்பாலும் செல்லுதலே அவனது சாகசம். அவனது கல்வி முழுவதும் அப்பயணத்துக்கே அவனை ஆயத்தம் செய்கின்றது. உயர்கல்விக்கும் தொழிலுக்கும் தீவை நீங்குதலே முன்னேற்றத்தின் அடையாளம். மீண்டு வருதல் திருவிழாக் காலத்துக்கு உரியது. இந்நிலையில் உபாலி மேடையில் வள்ளமேறித் தீவுக்குத் திரும்பும் காட்சி, அம்மண்டபத்தில் மட்டும் வேறொரு பொருள் கொள்ளும்.

அவ்விடத்தில் நாடகம் ‘தீவை விட்டுப் போகாதே’ என்று போதிக்குமாயின் அது பொய்யுரையாகும். வறுமையும் போரும் வாய்ப்பின்மையும் துரத்தியோரைக் குற்றவாளிகளாக்கும் உரிமை எந்த நாடகத்துக்கும் இல்லை. அப்பிள்ளைகளின் பெற்றோரும் உறவினரும் பார்வையாளராக அமர்ந்திருப்பர். போதனை இன்றியே அக்காட்சி நிற்க வேண்டும். உபாலி திரும்புவது தீவு அழகாக இருப்பதனாலன்று. அங்கு அவன் கையால் வைத்த பயிர் இருப்பதனால். ஜின்னா அங்கு இருப்பதனால். தம் தீவில் தாம் வைத்தது எது, தமக்காக அங்கு இருப்பவர் யார் என்ற வினாவோடு மாணவர் மேடையை விட்டு இறங்குவாராயின், எங்கு சென்று வாழினும் அவ்வினா அவர்களோடு செல்லும்.

சிறுவர் நாவலை நாடகமாக்குவோர் கதையின் நீளத்தையே பெரும் இடர்ப்பாடாகக் கருதுகின்றனர். மேலே நோக்கியவற்றிலிருந்து உண்மையான இடர்ப்பாடு வேறு என்பது புலனாகும். ஒரு நூலைத் தமது மாணவர் எந்த இடத்தில் நின்று வாசிக்கின்றனர் என்பதை அறிவதே அது. கொக்கலையின் கதையை நயினாதீவில் நின்று வாசிக்கும்போது அதன் திசை மாறுகின்றது. வேலைக்காரச் சிறுவனின் முகம் தெளிவாகின்றது. சிற்றன்னையின் குரல் கேட்கின்றது. இவற்றைக் கண்டு எழுதப்படும் பிரதி அளவிற் சிறிதாயினும் நாவலுக்கு உண்மையுடையதாக இருக்கும். அத்தகைய பிரதியொன்றை எழுதும் ஆசிரியர், குறிகட்டுவானில் வள்ளத்துக்குக் காத்திருக்கும் நேரத்திலேயே அதற்கான முதற்காட்சியைக் கண்டுகொள்ளலாம்: ஒரே வள்ளம், இரு மொழிகள், ஒரு தீவு.